மறுபடியும் கேட்கப்பட்ட கேள்வி

வகுப்பு முடிந்து வசுமதி வந்தபோது அவள் அறைக்கு எதிரே இருந்த பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெயிலில் கறுத்த முகம், ஐம்பது வயது இருக்கலாம். மாணவர் யாருக்காவது அப்பாவாக இருக்கும், வருகைப்பதிவு குறைந்துபோன விஷயமாக வந்திருப்பார் என்று நினைத்தாள்.

அவர் எழுந்து நின்றார். "பேச்சைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. உள்ள வாங்க."

உள்ளே வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எம் பேரு திருமூர்த்திங்க. பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களம் வச்சிருக்கேன். போன ஆடியில எம் பையன் பைக்குல போயி லாரில மோதிப்போட்டான். நவநீதன்னு பேரு. காலேசுல ரெண்டாம் வருசம். மூளை செத்துப்போச்சு, மத்ததெல்லாம் மெஷின்லதான் ஓடுதுன்னு டாக்டர் சொன்னாரு. உறுப்பையெல்லாம் குடுத்தோம். நாந்தான் கையெழுத்துப் போட்டேன்."

"ரொம்ப வருத்தமா இருக்குங்க," என்றாள் வசுமதி.

அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. "போன வாரம் பேப்பர்ல போட்டிருந்துச்சுங்க. அந்த ஆஸ்பத்திரில எங்ககிட்ட வந்து பேசுற பொண்ணுகளுக்குக் காதுல ஒரு மெஷின் குடுத்திருந்தீங்களாம். எதிராளிகிட்ட எதைச் சொன்னா சரின்னு சொல்லுவாங்கன்னு அது அவங்க காதுல சொல்லுமாம். நெசமுங்களா?"

"நிஜந்தாங்க."

"அப்ப நான் சரின்னு சொன்னேனே. அது நான் சொன்னதுங்களா?"

கேள்வியில் கோபம் இல்லை. வழி தெரியாத ஊரில் பஸ் ஏறியவர் கண்டக்டரிடம் கேட்பது போலத்தான் கேட்டார்.

பதினோரு ஆண்டுகளாக அவள் ஆராய்ந்து வந்தது ஒரே விஷயத்தைத்தான். ஒரு மனிதரின் வார்த்தை இன்னொரு மனிதரின் முடிவை எந்தக் கணத்தில் மாற்றுகிறது? அவளும் நிர்மல் என்ற இளம் ஆய்வாளரும் பல்லாயிரம் உரையாடல்களைப் பதிவு செய்தார்கள். குரல் எங்கே தாழ்கிறது, மூச்சு எங்கே நிற்கிறது, எந்தச் சொல்லுக்குப் பிறகு எதிர்ப்பு தளர்கிறது என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கடைசியில் கிடைத்தது, காதுக்குள் மறைந்துவிடும் அளவுக்கு ஒரு சிறு கருவி. செவித்துணை என்று பெயர் வைத்தார்கள். எதிரே இருப்பவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதை அணிந்திருப்பவரின் காதில் மெல்லிய குரலில் சொல்லும்.

விற்பனைக்காரர்கள் கேட்டார்கள், கட்சிக்காரர்கள் கேட்டார்கள். வசுமதி கொடுக்கவில்லை. நல்ல காரியத்தில்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று உறுதியாக இருந்தாள். உறுப்பு தானத்தைவிட நல்ல காரியம் எது? அதுவரை பத்துக் குடும்பங்களைக் கேட்டால் மூன்று குடும்பங்கள் சம்மதித்தன. செவித்துணை வந்தபின் ஏழு. அந்த வித்தியாசத்தால் உயிர் பிழைத்தவர்கள் கோயம்புத்தூரில் தெருத்தெருவாக நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிங்க வேலை செய்யுது அது?" என்று திருமூர்த்தி கேட்டார்.

"நீங்க பேசறதுல உங்களுக்கு எது ரொம்பப் பெருசுன்னு கண்டுபிடிக்கும். சிலருக்கு சாமி. சிலருக்கு ஊரு என்ன சொல்லும்ங்கறது. சிலருக்குப் பிள்ளையோட குணம். அந்த வழியாப் பேசச் சொல்லும்."

"பொய் சொல்லச் சொல்லுமுங்களா?"

"இல்லைங்க. பொய் சொல்லக் கூடாதுன்னு தடுத்து வச்சிருக்கோம். ஆனா எந்த உண்மையை எப்பச் சொல்லணும்னு அது தேர்ந்தெடுக்கும்."

"எங்ககிட்ட இதையெல்லாம் யாரும் சொல்லலியே?"

"பேச்சைப் பதிவு செய்யறோம்னு சொன்னாங்க இல்லைங்களா, அது மட்டுந்தான் சொன்னோம். காதுல மெஷின் இருக்குன்னு தெரிஞ்சா யாரும் மனசு விட்டுப் பேச மாட்டாங்க. ஆய்வே நடக்காது. நெறிமுறைக் குழு அதுக்கு அனுமதி குடுத்துச்சு."

சொல்லி முடித்தபோதுதான் அது எவ்வளவு வறண்ட பதில் என்று அவளுக்கே தெரிந்தது. திருமூர்த்தி தலையை மெதுவாக ஆட்டினார்.

"எம் பொண்டாட்டி மல்லீஸ்வரி அன்னைக்கு வேண்டாமின்னா. புள்ளையை முழுசா அனுப்போணும்னா. நானும் வேண்டாமின்னுதான் சொல்லிட்டிருந்தேன். அவ உள்ள அவனைப் பாக்கப் போனப்ப அந்தப் பொண்ணு எங்கிட்ட ஒண்ணு சொல்லுச்சு. 'எதைக் கேட்டாலும் அவனுக்கு இல்லைன்னு சொன்னதில்லைன்னு சொன்னீங்களேண்ணா. இதை அவனே கேக்கறான்னு நெனச்சுக்குங்க.' அப்படின்னுச்சு." அவர் டம்ளரை மேசைமேல் வைத்தார். "அந்த பைக்கும் அவன் கேட்டு வாங்கிக் குடுத்ததுதானுங்க. எனக்கு எங்கியோ போயி இடிச்சுப்போச்சு. சரின்னுட்டேன். அவ திரும்பி வரும்போது கையெழுத்துப் போட்டு முடிஞ்சுது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எங்கூட அவ பேசறதில்லீங்க. சோறு வைப்பா. துணி தொவைப்பா. பேச்சு இல்லை. பேசி மயக்கிப்போட்டாங்க, இந்த மனுசன் மயங்கிப்போயிட்டாருன்னு அவ தங்கச்சிகிட்டச் சொல்லியிருக்கா. நான் அப்படியெல்லாம் இல்லை, நானா யோசிச்சுத்தான் சொன்னேன்னு இத்தனை நாள் இருந்தேன். பேப்பரைப் பாத்ததுக்கப்புறம் எனக்கே தெரியலை. அந்த வார்த்தையைச் சொன்னது அந்தப் பொண்ணா, மெஷினா? அதை மட்டும் எனக்குச் சொல்லிப்போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

விசாரித்துவிட்டுத் தானே வீட்டுக்கு வந்து சொல்வதாக வசுமதி வாக்குக் கொடுத்தாள்.

அன்று அந்தக் குடும்பத்திடம் பேசியவள் லிடியா. மருத்துவமனையில் ஆலோசகராக இருந்தவர்களில் மிகச் சிறந்தவள் என்று நிர்மல் அடிக்கடி சொல்வான். சில மாதங்களுக்கு முன் வேலையை விட்டுவிட்டாள். ஏன் என்று வசுமதி கேட்டதில்லை. இப்போது போத்தனூரில் தன் அக்காவின் பேக்கரியில் இருந்தாள்.

மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் வசுமதி போனாள். லிடியா கண்ணாடிப் பெட்டியில் பன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கொப்பரைக் களம் வச்சிருந்த அண்ணன். ஞாபகம் இருக்கு மேடம்."

"அன்னைக்கு செவித்துணை போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன்."

"அந்த வார்த்தை அது சொன்னதா?"

"இல்லை மேடம்." லிடியா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தாள். "அது நிறுத்துன்னு சொல்லுச்சு."

வசுமதிக்குப் புரியவில்லை.

"இவங்க ரொம்ப உடைஞ்சிருக்காங்க, இதுக்கு மேல கேக்காதீங்க, எழுந்துடுங்கன்னு சொல்லுச்சு. நீங்கதானே அப்படி வச்சீங்க? வேதனை ஒரு அளவைத் தாண்டினா நிறுத்தணும்னு. நான் எழுந்துட்டேன் மேடம். கதவு வரைக்கும் போயிட்டேன். அப்புறம் நானாத் திரும்பி வந்து அந்த வார்த்தையைச் சொன்னேன்."

"ஏன் லிடியா?"

"மேல் மாடியில ஒரு பொண்ணு இருந்தா. தமயந்தி. இருபத்து மூணு வயசு. இதயம் கிடைக்கலைன்னா அந்த மாசம் தாண்டாதுன்னாங்க. தினமும் நான் போய்ப் பார்ப்பேன். அவளுக்கு அவ அம்மாவை விட்டா யாரும் இல்லை. அந்த வாரம் வரிசையா மூணு வீட்டுல வேண்டாம்னுட்டாங்க. இதுவும் போச்சுன்னா நான் மேல போயி அவ முகத்தை எப்படிப் பாக்கறது?"

கடைக்கு ஒருவர் வந்து ரஸ்க் கேட்டார். லிடியா எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அப்ப அது உன்னோட வார்த்தைதான்," என்றாள் வசுமதி. ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது அவளுக்கு.

"அதுதான் மேடம் எனக்குத் தெரியலை. இந்த மெஷினுக்கு முன்னாடி நாலு வருஷம் நான் அதே வேலைதான் பார்த்தேன். அப்பல்லாம் என்ன சொல்வேன் தெரியுமா? யோசிச்சுச் சொல்லுங்கண்ணா, அவசரம் இல்லைன்னுட்டு உக்காந்திருப்பேன். அவங்க அழுதா நானும் அழுவேன். ஒரு வருஷம் அது காதுல பேசிப் பேசி எனக்குப் பழகிடுச்சு. ஒருத்தர் முதல்ல எதைப் பெருமையாச் சொல்றாரோ, அதைப் பத்திரமா வச்சுக்கிட்டுக் கடைசியில அவர்கிட்டயே திருப்பிக் கேக்கணும். அது கத்துக்குடுத்ததுதான். அன்னைக்கு அது நிறுத்தச் சொன்னப்ப, அதுகிட்டக் கத்துக்கிட்டதை வச்சே நான் பேசினேன். அப்ப அது யார் சொன்னது?"

லிடியா மேசையில் கிடந்த ரொட்டித் துகள்களைக் கையால் கூட்டினாள்.

"வீட்டுலயும் அப்படித்தான் ஆயிட்டேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார், நீ என்கூடப் பேசறியா, என்னை வேலை வாங்கறியான்னு. அப்பத்தான் விட்டேன். இங்க யாரையும் எதுக்கும் சம்மதிக்க வைக்க வேண்டியதில்லை மேடம். பன்னு வேணும்னு நினைச்சவங்கதான் வர்றாங்க."

கிளம்பும்போது வசுமதி கேட்டாள். "அந்தப் பையனோட உறுப்புகளை வாங்கினவங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"அஞ்சு பேர். நாலு பேர் நல்லா இருக்காங்க. தமயந்தி மூணு மாசம் இருந்தா. அப்புறம் உடம்பு அதை ஏத்துக்கலை."

துறைக்குத் திரும்பி வந்து நிர்மலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். நல்லவன்தான். அவன் சித்தப்பா சிறுநீரகத்துக்காகக் காத்திருந்தே இறந்தவர்.

"ஒரு பக்கம் ஒருத்தரோட மனக்கஷ்டம் மேடம். இன்னொரு பக்கம் உயிர். அந்த நாலு பேர் இன்னைக்கு மூச்சு விடறாங்க. லிடியா எழுந்து போயிருந்தா அவங்க இல்லை. அதையும் அவர்கிட்டச் சொல்லுங்க."

"அதையும் சொல்லணும்தான்."

"எப்படிச் சொல்லப் போறீங்க?"

"தெரியலை."

நிர்மல் இழுப்பறையிலிருந்து ஒரு செவித்துணையை எடுத்து மேசைமேல் வைத்தான். "போட்டுக்கிட்டுப் போங்க. எப்படிச் சொன்னா அவருக்கு நிம்மதி கிடைக்குமோ அதை அது சொல்லும். ஆளுக்கு ஆறுதல் கிடைச்சாச் சரிதானே? இதுல என்ன தப்பு?"

நடந்ததையெல்லாம் கணினி வழியாக அதற்கு ஊட்டினான். வசுமதி கருவியைக் காதில் வைத்துப் பார்த்தாள். நிர்மல் திருமூர்த்தியைப் போலப் பேசினான். "அந்த வார்த்தையைச் சொன்னது பொண்ணா, மெஷினா?" என்று கேட்டான்.

காதுக்குள் அமைதியான ஒரு குரல் கேட்டது. "இயந்திரம் நிறுத்தச் சொன்னது, பேசியது மனிதர்தான் என்று சொல்லுங்கள். அத்துடன் நிறுத்துங்கள். பிறகு அவர் மகனின் நல்ல குணத்தைப் பற்றிக் கேளுங்கள்."

அது சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை மட்டும் கேட்டால் திருமூர்த்தி நிம்மதியாகத் தூங்குவார். லிடியா பேக்கரியில் சொன்ன மீதிப் பாதி அவருக்குத் தெரியாமலே போய்விடும். வசுமதி கருவியைக் கழற்றி நிர்மலிடம் கொடுத்தாள்.

"நான் சும்மாவே போறேன்."

"சொதப்பிடுவீங்க மேடம்," என்றான் அவன் வருத்தத்தோடு.

"சொதப்பறேன்."

மறுநாள் காலை பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினாள். அங்கிருந்து ஆட்டோ. களத்தில் உடைத்த தேங்காய்கள் வாய் பிளந்து வெயிலைப் பார்த்துக் கிடந்தன. காய்ந்த எண்ணெய் வாசம். திருமூர்த்தி நான்கைந்து பெண்களோடு தேங்காயைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தள்ளி வந்து, தகரக் கொட்டகை நிழலில் ஒரு சாக்கை உதறி விரித்தார்.

"உக்காருங்க." தானும் உட்கார்ந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. இப்பக் காதுல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

வசுமதி கூந்தலை ஒதுக்கி இரண்டு காதுகளையும் காட்டினாள். அவர் உண்மையிலேயே குனிந்து பார்த்தார். ஒரு பேராசிரியைக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டிய விஷயம். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மனிதர் இனி யாரிடம் பேசினாலும் முதலில் காதைத்தான் பார்ப்பார் என்ற நினைப்புதான் வந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். வரிசையாகச் சொல்லவில்லை. நடுவில் மறந்ததைப் பின்னால் சொன்னாள், சொன்னதையே திரும்பச் சொன்னாள். இயந்திரம் நிறுத்தச் சொன்னது. லிடியா கதவு வரை போய்த் திரும்பி வந்தாள். மாடியில் அவளுக்குத் தெரிந்த ஒரு பெண் இருந்தாள். வார்த்தை லிடியாவுடையது, வித்தை இயந்திரம் கற்றுக்கொடுத்தது.

திருமூர்த்தி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "அப்ப அதுவும் இல்லை, இதுவும் இல்லை," என்றார்.

"ஆமாங்க. என்னால பிரிச்சுச் சொல்ல முடியலை."

"அந்த மெஷினுக்குக்கூட எங்களைப் பாத்து நிறுத்தணும்னு பட்டுச்சு."

"பட்டுச்சுன்னு இல்லைங்க. அளவு தாண்டிச்சு. அவ்வளவுதான்."

களத்திலிருந்து ஒரு பெண் ஏதோ கேட்டாள். அவர் கையைக் காட்டி அப்புறம் என்றார். பிறகு வசுமதி பக்கம் திரும்பினார்.

"ஒரு காரியம் பண்ணுவீங்களா?"

"சொல்லுங்க."

"வீட்டுக்கு வந்து எங்க ரெண்டு பேரையும் மறுபடியும் கேளுங்க. அன்னைக்குக் கேட்ட அதே கேள்வி. எதையும் சேர்க்காம, எதையும் இழுக்காம. சும்மா கேளுங்க."

"அதனால எதுவும் மாறாதுங்களே."

"தெரியுமுங்க. எனக்கு என்ன வருதுன்னு நான் பாக்கோணும்."

வீடு களத்தை ஒட்டியே இருந்தது. மல்லீஸ்வரி சமையலறை வாசலில் நின்றாள். மெலிந்த, உயரமான பெண். வந்தது யார் என்று திருமூர்த்தி சொன்னார். நடந்ததை வசுமதி மீண்டும் ஒருமுறை சொன்னாள். மல்லீஸ்வரி கணவனைப் பார்க்காமல், வசுமதியையே பார்த்துக்கொண்டு கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இப்ப எதுக்குங்க மறுக்கா கேக்கறது? எரிச்சு முடிச்சாச்சு," என்றாள்.

"நான் கேக்கச் சொன்னேன்," என்றார் திருமூர்த்தி சுவரைப் பார்த்து.

பிறகு மல்லீஸ்வரி வந்து தரையில் உட்கார்ந்தாள். திருமூர்த்தியும் நாற்காலியை விட்டு இறங்கி அவளுக்கு ஓர் எட்டுத் தள்ளி உட்கார்ந்தார். வசுமதியும் எதிரே உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு வாக்கியம்தான் கேட்க வேண்டும். அது வாயில் வரவில்லை. தானம் என்று சொன்னால் அந்தச் சொல்லே பாதி சம்மதத்தை வாங்கிவிடும். அறுத்து எடுப்பது என்றால் மறுப்பை வாங்கிவிடும். பையன் பெயரைச் சொல்வதா வேண்டாமா? யாரைப் பார்த்துக் கேட்பது? எந்தச் சொல்லை எடுத்தாலும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இத்தனை வருடப் படிப்பில் எந்தப் பக்கமும் தள்ளாத ஒரு கேள்வியைத் தான் ஒருமுறைகூட எழுதிப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உங்க பையனோட உறுப்புகளை எடுத்து வேற நோயாளிங்களுக்கு வைக்கலாம்," என்றாள். "வைக்கலாமா, வேண்டாமா? எதைச் சொன்னாலும் சரிங்க. நான் எழுந்து போயிடுவேன்."

"வேண்டாம்," என்றாள் மல்லீஸ்வரி. காத்திருந்தது போல உடனே வந்தது.

அடுத்து திருமூர்த்தி சொல்ல வேண்டும். வசுமதி காத்திருந்தாள். காத்திருப்பதும்கூட ஒரு உத்தி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆகவே பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாமுங்க," என்றார் அவர்.

வசுமதி திரும்பியபோது அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த 'வேண்டாம்' அவருடைய மனதிலிருந்து வந்ததா, ஒன்பது மாதமாகப் பேசாமல் இருக்கும் ஒருத்திக்காக வந்ததா? ஆய்வுக்கூடத்தில் இருந்திருந்தால் வசுமதி அதைப் பிரித்துப் பார்க்க முயன்றிருப்பாள். அங்கே அந்த ஆசை வரவில்லை. அந்த ஒரு சொல்லில் நான்கு உயிர்கள் இல்லாமல் போயிருக்கும் என்பது மட்டும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் மல்லீஸ்வரி. கணவனைப் பார்த்துச் சொன்னாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை, தன்னிடம்தான் பேசுகிறாள் என்பது. "அன்னைக்கு வரலை மல்லி," என்றார் குரல் உடைந்து. "இன்னைக்கு வருது. எது நெசம்னு கேக்காத. எனக்குத் தெரியலை."

"நான் ஒருத்தி வேண்டாமின்னேன். அது யாரு காதுலயும் ஏறலை. அதுதான் எனக்கு ஆறலை. குடுத்தது கூடப் பெருசில்லை. நான் ஒண்ணு சொன்னேன்னே யாருக்கும் தெரியலை."

"ஏறுச்சு மல்லி."

"ஏறலை," என்றாள் அவள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். தான் அங்கே இருக்கக் கூடாது என்று வசுமதிக்குத் தோன்றியது. எழுந்து போகவும் முடியவில்லை.

வெகுநேரம் கழித்து மல்லீஸ்வரி உள்ளே போய் மூன்று பேருக்கும் மோர் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

"அவங்கெல்லாம் நல்லா இருக்காங்களா? வாங்கிக்கிட்டவங்க?"

ஆம் என்று சொல்லிவிட எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்! நான்கு பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லி நிறுத்திவிடலாம். பொய்யில்லை.

"அஞ்சு பேருங்க. நாலு பேர் நல்லா இருக்காங்க. ஒரு பொண்ணு இறந்துட்டா."

"எது வாங்கின பொண்ணு?"

"இதயம்."

மல்லீஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். திருமூர்த்தி எழுந்து அவள் பக்கம் போனார். தொடவில்லை, பக்கத்தில் போய் நின்றார்.

"எத்தனை நாளு ஓடுச்சு?" என்று அவள் கேட்டாள்.

"மூணு மாசம்."

"மூணு மாசம்," என்று திரும்பச் சொன்னாள். "ஐப்பசி வரைக்கும் ஓடியிருக்குது. நான் அவனுக்கு மூணாம் நாளே பாலூத்திட்டேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. அவங்க மட்டுந்தான்."

"அவங்ககிட்ட யாராச்சும் போயி உக்காந்து பேசுனீங்களா? எங்ககிட்ட வந்தீங்களே, அந்த மாதிரி."

வசுமதி யோசித்தாள். கொடுக்கும் குடும்பத்திடம் மூன்று முறை பேச வேண்டும் என்று விதி உண்டு. அதற்குப் பயிற்சி உண்டு, ஆட்கள் உண்டு, கருவி உண்டு. உறுப்பு கிடைத்தும் பிள்ளையை இழந்தவளிடம் பேச என்று ஒன்றும் இல்லை. அவளிடமிருந்து வாங்க வேண்டியது எதுவும் இல்லாததால் அப்படி ஒரு பேச்சு தேவை என்று யாருக்கும், வசுமதிக்கும், தோன்றியதே இல்லை.

"இல்லைங்க," என்றாள். "யாரும் போகலை."

"நான் போகோணும்."

"யார் குடுத்தது, யார் வாங்கினதுன்னு ரெண்டு பக்கமும் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்குங்க."

"நான் யாருன்னு சொல்ல மாட்டனுங்க. ஒண்ணும் பேசக்கூட வேண்டாம். சித்த நேரம் பக்கத்துல உக்காந்துட்டு வந்துடறேன்."

முடியும் என்றோ முடியாது என்றோ வசுமதி சொல்லவில்லை. அந்த அம்மாவைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

செவித்துணையின் அடுத்த கட்டத்துக்கு அவள் கையெழுத்துப் போடவில்லை. கருவி இருப்பதைக் குடும்பங்களிடம் முதலிலேயே சொல்ல வேண்டும் என்றாள். சொன்னால் ஏழு மறுபடியும் மூன்றாகும் என்றார்கள் மருத்துவமனையில். அந்தக் கணக்கும் உண்மைதான், அதை அவளால் மறுக்க முடியவில்லை. நிர்மல் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்து வேலையைத் தொடர்ந்தான். அவ்வப்போது போன் செய்வான். அவன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை.

தமயந்தியின் வீடு பெரியநாயக்கன்பாளையத்தில், ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. விலாசத்தை லிடியாதான் கொடுத்தாள். விதியை மீறித்தான் கொடுத்தாள். மீறித்தான் வசுமதியும் வாங்கிக்கொண்டாள். கதவைத் திறந்த அம்மாவின் கழுத்தில் தையல் நாடா தொங்கியது. உள்ளே மிஷினில் பாதி தைத்த பள்ளிச் சீருடை.

"என்ன வேணுமுங்க?"

வழியெல்லாம் யோசித்து வந்த வாக்கியம் எதுவும் வசுமதிக்கு உதவவில்லை.

"ஒரு அம்மா உங்களை வந்து பார்க்கணும்னு சொல்றாங்க. சும்மா உக்காந்துட்டுப் போறதுக்கு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, நான் போய்ச் சொல்லிடறேன்."

"யாரு அவங்க?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க."

அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கழுத்து நாடாவை எடுத்து விரலில் மெல்லச் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அவங்களுக்குப் பையனா, பொண்ணா?" என்று கேட்டாள்.

வசுமதி வாயைத் திறக்கவில்லை. ஆனால் கண் கலங்குவதை அவளால் மறைக்க முடியவில்லை.

"சரி, அதைச் சொல்ல வேண்டாம்," என்றாள் அந்த அம்மா. "நாளைக்கு இந்தத் துணியெல்லாம் குடுத்தாகணும். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லுங்க."